கூருணர்வைக் குறையாகப் பார்க்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்யாண மண்டபத்தில் ஒலிபெருக்கியின் இரைச்சல் தாளாமல் காதைப் பொத்திக்கொண்டு மாடிப்படியில் போய் உட்காரும் பிள்ளையை, 'கூச்ச சுபாவம்' என்றும் 'செல்லம் அதிகம்' என்றும் ஆளுக்கொன்று சொல்லிவிட்டு உறவினர்கள் பந்திக்குப் போய்விடுகிறார்கள். ஒலி, ஒளி, வாசனை, பிறர் முகக்குறிப்பு ஆகியவற்றை மற்றவர்களைவிட ஆழமாக உள்வாங்கும் 'கூருணர்வு' என்ற இந்த இயல்பை, அமெரிக்க உளவியலாளர்களான எலைன் ஆரனும் ஆர்தர் ஆரனும் 1997இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு மனோபாவக் கூறாகவே விளக்கி, அதை அளவிட 27 கேள்விகள் கொண்ட அளவுகோலையும் தந்தனர். இது மனநலக் கோளாறு அன்று. கூச்சத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளவும் கூடாது, ஏனெனில் இவர்களில் கலகலப்பாகப் பழகுபவர்களும் கணிசமாக உண்டு.

மோசமான சூழலில் எளிதில் வாடிப்போகும் இத்தகைய பிள்ளைகள், ஆதரவான சூழலில் பிறரைவிடக் கூடுதலாகப் பயனடைகிறார்கள் என்பதைப் பிற்கால ஆய்வுகள் சுட்டுகின்றன. நம் ஆசிரியர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இதுதான்: வகுப்பு முழுவதும் பார்க்கக் கண்டிப்பதைவிட, தனியே அழைத்து மெதுவாகச் சொன்னாலே இவர்களுக்குப் போதும்.

வீட்டிலும் அப்படியே. தாம்பரம் மின்சார ரயிலின் நெரிசலில் நின்றபடியே வந்து சேர்ந்தவர், விளக்கை அணைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தால் அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. (காபியை வைத்துவிட்டு நகர்ந்துவிடலாம்.) மண்டப நிர்வாகிகளும் பாட்டுக் கச்சேரியின் ஒலியளவைச் சற்றுக் குறைத்து, சாப்பாட்டுக் கூடத்திலாவது ஒலிபெருக்கி வைக்காதிருந்தால், முதியவர்களும் கைக்குழந்தைகளும்கூட நிம்மதியாகச் சாப்பிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மேற்கு மாம்பலம், சென்னை