நாலரை அடி லேத்தில் ஒரு சாணை

கணபதி,
கோயம்புத்தூர்.

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிறது. மூட்டு வலிக்கு வைத்தியம் பார்ப்பதாக எழுதியிருந்தாய். இப்போது மாடிப்படி ஏற முடிகிறதா? இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்குத் தை மாதம் பிரசவம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கார்த்திகையில் வளைகாப்பு. நீயும் தங்கச்சியும் கட்டாயம் வர வேண்டும்.

உடனே பதில் எழுதாததற்குக் காரணம் பட்டறையில் இருக்கிறது. கடைசல் வேலைக்கான நம் லேத்தில் கிரைண்டிங்கும் (சாணைக் கல்லால் தேய்ப்பது) செய்வதற்கு ஒரு சாதனம் நானே செய்துவிட்டேன். கடைசல் டூலைப் பிடிக்கும் டூல் போஸ்ட்டைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பூட்டிக்கொள்ளலாம். ஐ.டி.ஐ. படிக்கும்போது நீயும் நானும் நோட்டில் படம் வரைந்து வைத்திருந்தோமே, அதே ஆசைதான். நாற்பது வருடம் கழித்துக் கைகூடியிருக்கிறது.

வீம்புக்காகச் செய்யவில்லை. பம்பு ஷாஃப்ட்டுக்குக் கடினப்படுத்திய ஸ்லீவ் (உறைக்குழாய்) ஆறு உருப்படி வேலை வந்தது. ஹார்டனிங் ஆன பிறகு சாதாரணக் கடைசல் டூல் அதைத் தொடாது என்பது உனக்குத் தெரியும். வெளியே கிரைண்டிங்குக்குக் கொடுத்தேன். நான்கு நாள் கழித்து வந்ததில் இரண்டு உருப்படி அளவுக்குக் கீழே போயிருந்தது. நூறு, இருநூறு என்று வேலை எடுப்பவர்கள் என் ஆறு உருப்படிக்காக எவ்வளவு நேரம் செலவழிப்பார்கள்? அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

முதலில் ஸ்பிண்டில், அதாவது கல்லைச் சுழற்றும் தண்டும் அதன் கூடும். 75 மில்லிமீட்டர் உருளை ஒன்றை எடுத்து, இரண்டு பேரிங்குக்கும் சேர்த்து ஒரே பிடியில் 47 மில்லி துளை நேராகக் குடைந்தேன். திருப்பிப் பிடித்துக் குடைந்திருந்தால் இரண்டு இருக்கையும் ஒரே கோட்டில் நிற்காது. இந்த ஒரு வேலைக்கு மட்டும் ஒரு முழு நாள் எடுத்துக்கொண்டேன். ஷாஃப்ட்டை இ.என்.24 உருக்கில் இரண்டு சென்டருக்கு (கூர்முனைக்கு) நடுவே கடைந்தேன். பேரிங் 7204, அச்சுவாக்கில் வரும் தள்ளலையும் தாங்கும் ஆங்குலர் காண்டாக்ட் வகை. இரண்டையும் முதுகோடு முதுகாக வைத்து, நடுவில் வில் கொடுத்து, வெளி வளையங்களைத் தள்ளும்படி செய்தேன். கையால் சுற்றினால் தேனுக்குள் சுற்றுவதுபோல் இறுக்கமாக, ஆனால் தடங்கல் இல்லாமல் சுற்றுகிறது.

அரை குதிரைத்திறன் மோட்டார், 2,880 சுற்று. மோட்டாரில் 100 மில்லி புல்லி, ஸ்பிண்டிலில் 50 மில்லி. ஆக ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 5,760 சுற்று ஓடும். 100 மில்லி கல்லின் விளிம்பு நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் போகிறது. கல்லுக்கு அனுமதித்த வேகம் 33 மீட்டர். பெரிய கல் போட்டால் வேலை சீக்கிரம் முடியுமே என்று என் உதவியாள் பையன் கேட்டான். அதே சுற்றில் 125 மில்லி கல் போட்டால் வேகம் 37-ஐத் தாண்டிவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். கல் வெடித்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. கனமான குழாயை வெட்டி, கல்லைச் சுற்றி முக்கால் வட்டத்துக்குக் கவசம் போட்டிருக்கிறேன்.

கல்லைப் பூட்டுவதற்கு முன் நம் ஆசிரியரை நினைத்துக்கொண்டேன். கல்லை விரலில் தொங்கவிட்டு ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் தட்டச் சொல்வாரே. “ணங்” என்று ஒலித்தால் நல்ல கல், “தொப்” என்று அடங்கினால் உள்ளே விரிசல். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், உனக்குத் தகவல் வந்திருக்கும். நான் தட்டினேன். கல் மணி போல ஒலித்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

அப்புறம்தான் சோதனை ஆரம்பித்தது. முதல் ஷாஃப்ட்டைத் தேய்த்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், சீப்புப் பல் போல ஒரே இடைவெளியில் கோடு கோடாக இருக்கிறது. விரலுக்குத் தெரியவில்லை, கண்ணுக்குத் தெரிகிறது. பேரிங்தான் என்று நினைத்து இரண்டு முறை கழற்றி மாட்டினேன். கல்லை வைரத்தால் மறுபடி சீவி டிரெஸ் செய்தேன். கோடு போகவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம், தண்ணீர் குடித்த டம்ளரை மோட்டார் பலகையின் மேல் வைத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். டம்ளரில் பாதி இருந்த தண்ணீரில் வட்ட வட்டமாக அலை. பெல்ட்டைக் கழற்றி ஓட்டினேன், அலை இருந்தது. புல்லியையும் கழற்றி ஓட்டினேன். தண்ணீர் கண்ணாடி போல நின்றது.

கடையில் வாங்கிய அலுமினிய வார்ப்புப் புல்லி! துளை ஒரு பக்கம் தள்ளியிருந்தது. மோட்டார் ஷாஃப்ட்டிலேயே அதை மாட்டி, ஓடவிட்டு, காடியையும் விளிம்பையும் கடைந்து எடுத்தேன். மோட்டாருக்குக் கீழே ரப்பர் வைத்தேன். கோடு போய்விட்டது. பேரிங்கைக் குறை சொல்லிக்கொண்டு இரண்டு நாளை வீணாக்கினேனே என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது காம்பவுண்ட் ஸ்லைடை (கோணம் திருப்பக்கூடிய மேல் ஸ்லைடு) 5 டிகிரி 44 நிமிடத்துக்குத் திருப்பி வைப்பது. லேத்தின் அச்சிலிருந்து அந்தக் கோணத்தில் வைத்தால், டயலில் 10 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) தள்ளும்போது கல் உருப்படிக்குள் 1 மைக்ரான்தான் இறங்கும். பழைய லேத்தின் திருகிலேயே பத்தில் ஒரு பங்கு நுணுக்கம் கிடைத்துவிடுகிறது. ஒரு தடவைக்கு 10 மைக்ரானுக்கு மேல் நான் இறக்குவதில்லை. கடைசியில் எதையும் இறக்காமல் பொறி அடங்கும் வரை நாலைந்து முறை ஓட்டுகிறேன். அளப்பதற்கு முன் ஆறவிட வேண்டும். 50 மில்லி இரும்பு 10 டிகிரி சூடாக இருந்தாலே கிட்டத்தட்ட 6 மைக்ரான் பெருத்துக் காட்டும்.

பொறி மேலே பறக்காமல் கீழே தட்டில் விழ வேண்டும் என்றால் லேத்தைப் பின்சுற்றில் ஓட்ட வேண்டும். உருப்படியைப் பிடிக்கும் நம் சக் மரையில் ஏறுவது, பின்சுற்றில் கழன்றுவிடும் என்ற பயம் எனக்கு உண்டு. அதனால் உருப்படியை இரண்டு சென்டருக்கு நடுவே பிடித்து, அதைச் சுற்றவைக்கும் எடை குறைந்த கேட்ச் பிளேட்டால் ஓட்டுகிறேன், மெதுவாகத் தொடங்குகிறேன். லேத்தின் அடித்தளமான பெட்டைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். கல்லின் தூசி ஸ்லைடுக்குள் போனால் அதுவே பெட்டைத் தேய்த்துவிடும். துணி போர்த்தினால் சுற்றிக்கொள்ளும் ஆபத்து. செய்தித்தாளை நனைத்து பெட்டின் மேல் ஒட்டவைக்கிறேன், கல்லுக்குக் கீழே தண்ணீர்த் தட்டு. வேலை முடிந்ததும் மண்ணெண்ணெய் போட்டு வழித்துத் துடைத்து எண்ணெய் விட்ட பிறகுதான் ஸ்லைடுகளைத் தாங்கும் கேரேஜை நகர்த்துகிறேன். 1987-இல் அப்பா கடன் வாங்கிக் கொடுத்த லேத் இது.

முதலில் லேத்தின் சொந்த சென்டரையே சரிசெய்தேன். ஆட்டத்தை அளக்கும் லீவர் டயலை வைத்துப் பார்த்தபோது 40 மைக்ரான் ஆட்டம் இருந்தது. காம்பவுண்டை 30 டிகிரிக்கு வைத்து, சென்டர் அதன் இடத்திலேயே சுற்ற, கல்லை மேலும் கீழுமாக ஓட்டினேன். முடித்து, துடைத்து, மறுபடி டயலை வைத்தேன். கையால் ஒரு முழுச் சுற்று சுற்றினேன். ஒரு கோடு 2 மைக்ரான், முள் அதில் பாதிகூட நகரவில்லை. பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவனும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, “அண்ணா, டயல் தொட்டிருக்கிறதா?” என்று கேட்டான். தொட்டுத்தான் இருந்தது.

ஸ்லீவ் இரண்டையும் புதிதாகச் செய்து நானே தேய்த்துக் கொடுத்துவிட்டேன். அளவில் நின்றது.

இனி உன் உதவி வேண்டும். உள்துளை தேய்க்கவும் ஆசை வந்துவிட்டது. 20 மில்லி துளைக்கு 15 மில்லி கல்தான் போட முடியும். என் 5,760 சுற்றில் அது நொடிக்கு 4.5 மீட்டர்தான் போகும், தேய்க்காமல் உரசும். 30,000 சுற்றாவது வேண்டும். முப்பது வருடம் ஸ்பின்னிங் மில்லில் ரிங் ஃபிரேமில் நூல் சுற்றும் கதிர்களோடு இருந்தவன் நீ. அவ்வளவு வேகத்தில் ஓடுகிற கதிருக்கு எண்ணெய் எப்படிக் கொடுப்பீர்கள்? நாடாவில் ஓட்டினால் அதிர்வு குறையுமா? விவரமாக எழுது. கழித்துப்போட்ட கதிர் ஒன்று கூட்டோடு கிடைத்தால் வளைகாப்புக்கு வரும்போது பையில் போட்டுக்கொண்டு வா. காலையிலேயே வந்துவிடு. விருந்து பன்னிரண்டு மணிக்குத்தான், அதுவரை பட்டறையில் இருக்கலாம்.

தங்கச்சிக்கு எங்கள் அன்பைச் சொல்.

உன்,
அதே பெஞ்சுக் கூட்டாளி