போர்ட் ஹேக்கிங் கயாக் பயணம்: முழுப் பணத்தையும் திருப்பித் தரவும்

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் இன்னொருவரைக் கை காட்டுகிறார்கள். அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

சிட்னிக்குப் பக்கத்திலேயே சந்தடியில்லாத இயற்கைத் துறைமுகம், தமிழில் வழிகாட்டி என்ற உங்கள் விளம்பரத்தை நம்பிக் கயாக் என்ற சிறு துடுப்புப் படகுப் பயணத்துக்குக் குடும்பத்தோடு பதிவு செய்தோம். சந்திக்கும் இடம் க்ரோனுல்லா படகுத்துறை என்று சீட்டிலேயே இருக்கிறது. அங்கே போய் நின்ற பிறகு குறுஞ்செய்தி வருகிறது: இடம் மாற்றம், போனி வேலுக்கு வரவும். ஏதோ அடுத்த தெரு மாதிரி! அது அக்கரை ஐயா. அக்கரைக்குப் போகும் பண்டீனா படகு அப்போதுதான் கிளம்பியிருந்தது. சாலை வழியென்றால் சதர்லாந்து, ஆட்லி என்று ராயல் தேசியப் பூங்காவுக்குள் நுழைந்து சுற்றி வர வேண்டும். அங்கே தொழில் செய்கிற உங்களுக்கு இது தெரியாதா?

டாக்சிக்கு அழுது போய்ச் சேர்ந்தால், கடல் வற்றிக் கிடக்கிறது. மயன்பார் பக்கமெல்லாம் மணல் திட்டு. கயாக் தரை தட்டி நின்றுவிட்டது. வழிகாட்டியைக் காணோம். உங்கள் எண்ணுக்கு அழைத்தேன். எடுத்தவர் சொன்ன பதில் இன்னும் காதில் நிற்கிறது: "தண்ணி இல்லேன்னா இறங்கித் தள்ளிக்கிட்டுப் போங்க மேடம், அதுவும் ஒரு அனுபவந்தான்." பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்த ஆள் இன்னும் வேலையில் இருக்கிறாரா?

கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று வானிலைத் துறை முன்கூட்டியே அட்டவணை போடுகிறது. அதைப் பார்த்து நேரம் குறிப்பது உங்கள் வேலை, என் வேலை இல்லை. ஆங், இன்னொன்று: குறுஞ்செய்தி வந்ததும் அழைத்தபோது, "படகு ஏறினா வந்துடலாமே" என்றவரும் இவர்தான். குரல் மறக்குமா?

ஊரிலிருந்து வந்திருந்த என் தம்பி திரும்பிப் போய்விட்டான். ஜிப்பன் முனையில் தாராவல் பழங்குடி மக்கள் பாறையில் செதுக்கிய உருவங்களைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். அதுவும் இல்லை. அவனுக்கு சிட்னி என்றால் இனி முழங்கால் சேறுதான். இந்தக் கோடையே எங்களுக்குப் பாழ்.

சண்டை போடுவது என் நோக்கம் இல்லை. கட்டிய தொகை முழுவதும், டாக்சிச் செலவும் இந்த மாத இறுதிக்குள் வந்தால் போதும், நன்றியோடு விட்டுவிடுகிறேன். வராவிட்டால் சீட்டு, குறுஞ்செய்தி எல்லாவற்றையும் சேர்த்து நியூ சவுத் வேல்ஸ் ஃபேர் டிரேடிங் என்ற நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுப்பேன். ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் உங்களுக்கும் பொருந்தும்.

தயவுசெய்து மறுபடியும் வவுச்சர் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் வாடிக்கையாளர்