ஒரு வாரச் சந்தேகத்துக்கு எத்தனை நூற்றாண்டுப் பழி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இயேசுவின் சீடர்களில் ஒருவரான தோமா, அதாவது புனித தோமையாரின் ஜூலை 3 திருநாளையொட்டி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். "குருவையே நம்பாத சந்தேகப் பேர்வழி தோமா" என்று ஆரம்பிக்கிறது. அங்கேயே மனசு விட்டுப்போனது. இருந்தாலும் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நாற்பது வருடமாக உங்கள் பேப்பர் வருகிற வீடு எங்களுடையது.

யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரம் தாங்கள் அறியாததல்ல. உயிர்த்த இயேசு முதல் தடவை வந்தபோது தோமா அங்கே இல்லை. இருந்தவர்களுக்குத் தம் கைகளையும் விலாவையும் அவரே காட்டினார்; பார்த்தபிறகு மகிழ்ந்தார்கள். காயங்களைப் பார்த்துத் தொடாமல் நம்பமாட்டேன் என்றார் தோமா. அவர்களுக்குக் கிடைத்ததைத்தான் அவரும் கேட்டார். அதற்கு முன்பே, கல்லறைக்குப் போன பெண்கள் ஓடிவந்து சொன்னதை மற்ற சீடர்கள் பிதற்றல் என்று தள்ளியதாக லூக்கா எழுதியிருக்கிறார். அவர்களில் ஒருவருக்காவது சந்தேகப் பேர்வழி என்று பெயர் ஒட்டிக்கொண்டதா? எட்டு நாள் கழித்து இயேசு மறுபடி வந்து "தொட்டுப் பார்" என்றபோது தோமா விரலை விட்டுப் பார்த்ததாக யோவான் சொல்லவே இல்லை. விரலை விட வைத்தவர்கள் ஓவியர்கள். தோமா சொன்னது "நீரே என் ஆண்டவர், நீரே என் கடவுள்" என்பது மட்டும்தான். அதே நற்செய்தியில், இறந்துபோன நண்பர் லாசரைப் பார்க்க இயேசு யூதேயாவுக்குத் திரும்பிப் போகத் துணிந்தபோது, அங்கே கல்லெறிந்து கொன்றுவிடுவார்கள் என்று மற்றவர்கள் தயங்க, "நாமும் போவோம், அவரோடு சாவோம்" என்றவரும் இவர்தான். கட்டுரையாளருக்கு 20ஆம் அதிகாரம் தெரிந்திருக்கிறது, 11ஆம் அதிகாரம் தெரியவில்லை.

இது எங்கள் வீட்டு விஷயமும் கூட. என் அண்ணன் பிறந்தது டிசம்பர் 21. 1969இல் ஜூலை 3க்கு மாற்றும்வரை தோமையார் திருநாள் அன்றுதான் வரும். அதனால் பங்குச் சாமியார் அவருக்குத் தோமை என்று பெயர் வைத்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கில் ஒரு கேள்வி கேட்டால் போதும், "சந்தேகத் தோமா எழுந்துட்டான்" என்று வாத்தியாரே சொல்வார், வகுப்பே சிரிக்கும். அப்புறம் அண்ணன் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டார்.

இரண்டு வருடம் முன்பு உங்கள் பத்திரிகையில் மயிலாப்பூர் சாந்தோமில் இருக்கும் தோமையார் கல்லறையே போர்த்துகீசியர் கட்டிவிட்ட கதை என்று எழுதியிருந்தார்கள். அப்போதும் கடிதம் போட்டேன், வரவில்லை. கி.பி. 52இல் தோமையார் கேரளத்துக் கொடுங்கல்லூரில் இறங்கினார், 72இல் பரங்கிமலையில் ஈட்டியால் குத்தப்பட்டார் என்பது எங்கள் நம்பிக்கை, மரபு. அதைக் கல்வெட்டு வைத்து நிரூபிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும், அதை நிரூபணமான வரலாறாகப் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் போர்த்துகீசியர் இங்கே தேவாலயம் கட்டியது 1520களில். அதற்கு இருநூறு வருடத்துக்கு மேல் முன்னாலேயே மார்க்கோ போலோ இந்தக் கல்லறையைப் பற்றி எழுதிவிட்டார். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் சேர்ந்தே வந்து கும்பிடுகிறார்கள் என்கிறார். நான்காம் நூற்றாண்டிலேயே சிரியாக் மொழிக் கவிஞர் எபிரேம், தோமையாரின் எலும்புகள் இந்தியாவிலிருந்து இன்றைய துருக்கியில் இருக்கும் எதேசாவுக்கு வந்ததைப் பாடியிருக்கிறார். பரங்கிமலையில் 1547இல் கிடைத்த கல் சிலுவையைச் சுற்றியிருக்கும் எழுத்து பகலவி, பழைய பாரசீக எழுத்து. கதை கட்ட வந்த போர்த்துகீசியர் தங்களுக்கே படிக்கத் தெரியாத எழுத்திலா செதுக்குவார்கள்?

மார்க்கோ போலோ இன்னொன்றும் சொல்கிறார். தோமையார் இறந்த இடத்துச் செம்மண்ணை எடுத்துப்போய், தண்ணீரில் கரைத்துக் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுப்பார்களாம். இதைப் பெரியவளான பிறகு படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் ஆயா, அப்பாவைப் பெற்றவர், சாந்தோமிலிருந்து கொண்டுவந்த மண்ணைப் பழைய பட்டுத்துணியில் முடிந்து, அரிசிப் பானைக்குப் பின்னால் மாடத்தில் வைத்திருப்பார். எங்களில் யாருக்காவது சுரம் வந்தால் முடிச்சைப் பல்லால் அவிழ்த்து, இரண்டு விரலில் ஒரு சிட்டிகை எடுத்து டம்ளரில் போட்டுக் கலக்கி, நெற்றியில் சிலுவை போட்டுக் குடிக்க வைப்பார். அடியில் தங்கியிருக்கும் சிவப்பு வண்டலையும் விடக்கூடாது. கூடவே ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போவார், அது வேறு. ஆயாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. மார்க்கோ போலோ யாரென்றே தெரியாது. எழுநூறு வருடம் கைக்குக் கை வந்த பழக்கம் அது. அதைப் போய்க் கட்டுக்கதை என்று ஒரே வார்த்தையில் தள்ளினால் வலிக்காதா?

இந்த ஞாயிறு கட்டுரையோடு போட்ட படமும் தப்பு. 'சின்னமலை' என்று போட்டு அச்சடித்திருப்பது பரங்கிமலை தேவாலயம். சின்னமலை சைதாப்பேட்டையில் இருக்கிறது, தோமையார் ஒளிந்திருந்த குகையும் நீரூற்றும் அங்கே. பரங்கிமலை உயிர்விட்ட இடம். சாந்தோம் அடக்கமான இடம். மூன்றும் சென்னைக்குள்தான் இருக்கின்றன. உங்கள் புகைப்படக்காரர் ஒரே ஒரு காலைப்பொழுதில் மூன்றையும் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. படத்துக்கு ஒரு வரித் திருத்தம். அடுத்த வருடம் எழுதும்போது திருத்தூதர் தோமா என்றோ தோமையார் என்றோ மரியாதையோடு ஒரு பெயர். அவ்வளவுதான்.

அண்ணனுக்கு இப்போது 78 வயது. காலையில் பேப்பரை முதலில் பிரிப்பவர் அவர்தான். அந்த ஞாயிறு மட்டும் நான் முந்திக்கொண்டு, இணைப்பை எடுத்து அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டேன். எங்கே என்று இரண்டு தடவை கேட்டார், பேப்பர்காரர் போடவில்லை என்று பொய் சொன்னேன். திருத்தம் வந்தால் இரண்டையும் சேர்த்தே அவரிடம் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
சின்னமலை வாசகி ஒருத்தி