சிறு சைடர் ஆலைக்கு எந்த உரிமம்? மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு வட்டத்தில் சைடர் தயாரிக்கும் சிறு ஆலை ஒன்றைத் தொடங்க நாங்கள் சிலர் திட்டமிட்டு வருகிறோம். சாறு பிழியும் இயந்திரம், குளிரூட்டிய தொட்டி, தண்ணீர், கழிவு என அனைத்துக்கும் கணக்குப் போட்டுவிட்ட எங்களுக்கு, உரிமத்துக்கு யாரிடம், எந்தப் பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும் என்பது மட்டும் தெளிவாகவில்லை. ஓர் அலுவலகம் மற்றோர் அலுவலகத்தைக் கைகாட்டுவதால், பொதுவில் எழுதுகிறோம்.

சைடர் காய்ச்சி வடிக்கும் சாராயம் அன்று. ஆப்பிள் சாற்றை ஈஸ்ட் கொண்டு நொதிக்கவைத்துப் பெறும் பானம். 12 சதவீதம் சர்க்கரையுள்ள சாறு முழுமையாக நொதித்தால் ஆல்கஹால் ஏறத்தாழ 6 முதல் 7 சதவீதம் வரை வரும். நொதிக்கும் முன்னும் பின்னும் அடர்த்திமானியால் அளந்தால், ஆய்வாளர் தொட்டியருகில் நின்றபடியே அந்த அளவைக் கணித்துவிடலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் பலிகொண்டது மெத்தனால் கலந்த சாராயம். அதன்பின் துறை காட்டும் கடுமையை நாங்கள் குறை சொல்லவில்லை. கணக்குக் காட்டி வரி கட்ட முன்வருபவருக்கு அந்தக் கடுமைக்குள்ளேயே ஒரு வழி இருக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

இத்தனை சிக்கல் எதற்கு, வினிகர் மட்டும் தயாரிக்கலாமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஆனால் ஈஸ்ட் முதலில் சர்க்கரையை ஆல்கஹாலாக்கிய பிறகே அசிட்டிக் பாக்டீரியா அதை அமிலமாக்குகிறது. இடைப்பட்ட நாட்களில் வினிகர்த் தொட்டியில் இருப்பதும் சைடர்தான். பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதுபோல இங்கே நொதித்தலைத் தடுக்க வழியில்லை, ஏனெனில் நொதித்தால்தான் வினிகரே உண்டாகும். அந்த நாட்களில் சோதனைக்கு வரும் அலுவலர் அதை மதுவாகக் கருதுவாரா, உணவுப் பொருளாகக் கருதுவாரா? இதற்கு எழுத்தில் விளக்கம் கிடைத்தால், எங்களுக்கு மட்டுமன்றி வினிகர் தயாரிப்போர் அனைவருக்கும் பயன்படும்.

நம் மாவட்டத்தில் ஆப்பிள் விளையாது. இமாச்சலத்திலிருந்தோ காஷ்மீரிலிருந்தோதான் வர வேண்டும். ஆகவே, கொட்டையை எடுத்துக்கொண்டு மரத்தடியிலேயே அழுகவிடப்படும் கொல்லாம்பழத்தையும் (முந்திரிப்பழம்) அதன் பருவத்தில் பயன்படுத்த எண்ணுகிறோம். அது விழுந்த ஒரு நாளுக்குள் கெடத் தொடங்கும் என்பதால், தோட்டத்துக்கு அருகிலேயே சிறிய அளவில் பிழிவதுதான் நடைமுறைக்கு ஏற்றது. ஆப்பிள் சாறு சைடராகவும் கொல்லாம்பழச் சாறு பழ ஒயினாகவும் வகைப்படுமானால், ஒரே கூரையின்கீழ் இரண்டுக்கும் ஒரே உரிமம் போதுமா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறோம். களியக்காவிளைக்கு அப்பால் கேரள அரசு, பழங்களிலிருந்து சிறிய அளவில் ஒயின் தயாரிக்க 2022இல் தனி விதிகளே வகுத்திருக்கிறது.

1987 முதல் கள்ளுக்குத் தடை இருக்கும் மாநிலத்தில், பனையேறிக்குக் கிடைக்காத அனுமதி ஆப்பிள் சாற்றுக்கு எதற்கு என்று எங்கள் ஊரிலேயே கேட்பார்கள். கேள்வி நியாயமானது; கள்ளுக்கும் வழி திறக்க வேண்டும் என்பதே என் சொந்தக் கருத்து. ஆனால் அது சட்டப்பேரவை முடிவெடுக்க வேண்டிய வேறு விவாதம்.

பணத்துக்கும் வழி குறுகலாகவே இருக்கிறது. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் மதுவகைத் தொழில்களை விலக்கி வைத்திருப்பதால் அதன் மானியம் எங்களுக்கு இல்லை. வங்கியோ உரிமம் எங்கே என்று கேட்கும். உரிமத்துக்குக் கட்டடத்தைக் காட்ட வேண்டியிருந்தால், கட்டடத்துக்குக் கடன் வேண்டும். எனவே, இடத்தின் வரைபடத்தையும் ஆண்டு உற்பத்தி அளவையும் பார்த்துக் கொள்கையளவிலான ஒப்புதலை முதலில் தரும் ஏற்பாடு வேண்டும். கட்டணமும் லிட்டர் அளவுக்கேற்ப அமைய வேண்டும். சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் வசமே இருப்பதால், ஆலை வாசலில் மூடி முத்திரையிட்ட பாட்டில்களை மட்டும், குறித்த நேரத்தில், வயதுச் சான்று பார்த்து விற்க அனுமதி கிடைக்குமா என்பதையும் தெளிவுபடுத்துங்கள். பள்ளிக்கூடம், கோயில், தேவாலயம், பள்ளிவாசல் ஆகியவற்றிலிருந்து எவ்வளவு தூரம் விலக வேண்டுமென்று சொன்னாலும் கட்டுப்படுவோம். ஊர்ப் பெண்களின் கருத்தைக் கேட்ட பிறகே அனுமதி என்றாலும் மறுக்கமாட்டோம்.

நடப்பு விதிகளின்படி இயலாது என்பதே விடையானால், எந்த விதியின்கீழ் என்று குறிப்பிட்டு அதையும் எழுத்தில் தர வேண்டுகிறோம். இடத்துக்கு முன்பணம் கொடுப்பதற்குள் அந்தப் பதில் வந்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
சைடர் ஆலை தொடங்க விரும்பும் குழுவினருக்காக,
மார்த்தாண்டம்.