ஓபியாய்டு வழக்குத் தீர்வு நிதியிலிருந்து மீட்பு இல்லங்களுக்கு வாடகை உதவி கோரி மனு

அனுப்புநர்:
கேரி, மோரிஸ்வில், ஏபெக்ஸ் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சார்பாக,
மோரிஸ்வில்லில் வசிக்கும் ஒரு தாய்,
வேக் கவுண்டி, வட கரோலினா.

பெறுநர்:
மாண்புமிகு தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
வேக் கவுண்டி ஆணையர் குழு,
ராலே.

பொருள்: போதைச் சிகிச்சை முடித்து வருவோரின் தங்குமிடத்துக்கு ஓபியாய்டு தீர்வு நிதியில் நிலையான பங்கு ஒதுக்குதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர்களுக்கு வணக்கம்.

ஓபியாய்டு எனப்படும், போதைக்கு அடிமையாக்கும் வலிமருந்துகள் பற்றிய வழக்குகள் முடிந்து நம் கவுண்டிக்கு ஆண்டுதோறும் வரும் பணத்தில் ஒரு நிலையான பங்கை, போதையிலிருந்து மீண்டு வருவோர் சேர்ந்து தங்கும் மீட்பு இல்லங்களுக்கும், சிகிச்சை முடித்து அங்கே தங்குவோரின் முதல் சில மாத வாடகைக்கும் ஒதுக்க வேண்டும். ஓபியாய்டு ஏக்கத்தை அடக்க மருத்துவர் எழுதிக்கொடுத்த பூப்ரெனார்ஃபினோ மெத்தடோனோ எடுக்கிறார் என்பதற்காக ஒருவரைத் திருப்பி அனுப்பும் இல்லத்துக்கு இந்தப் பணத்தில் ஒரு டாலர்கூடப் போகக் கூடாது. இந்த இரண்டையும் தங்கள் முன் வைக்கவே இம்மனு.

தமிழில் எழுதி, ஆங்கில மொழிபெயர்ப்பை உடன் இணைத்திருக்கிறோம். கையெழுத்திடுவோரில் பிள்ளைகளோடு வந்து தங்கிவிட்ட தாத்தா பாட்டிகளும் இருக்கிறார்கள். எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று அவர்கள் தாங்களே படித்துப் பார்த்துப் போட வேண்டும் என்று விரும்பினோம்.

இந்தப் பணம் எப்படி வந்தது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். எங்கள் மக்களில் பலருக்குத் தெரியாது என்பதால் அதையும் இங்கே சொல்லிவிடுகிறோம். வலி மாத்திரைகளைக் கணக்கு வழக்கில்லாமல் அனுப்பிய மெக்கெசன், கார்டினல் ஹெல்த், அமெரிசோர்ஸ்பெர்கன் ஆகிய மூன்று மருந்து விநியோக நிறுவனங்களும், ஜான்சன் அண்ட் ஜான்சனும் 2021இல் சுமார் 2,600 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. அந்தப் பேச்சுவார்த்தையை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் அன்று நம் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞராக இருந்த ஜோஷ் ஸ்டைன். பிறகு மருந்துக்கடைச் சங்கிலிகளும் வேறு சில மருந்து நிறுவனங்களும் சேர்ந்தன. எல்லாம் சேர்த்து வட கரோலினாவுக்கு 2038 வரை கிடைக்கவிருப்பது சுமார் 150 கோடி டாலர். அதில் 85 விழுக்காடு உள்ளாட்சிகளுக்கு வருகிறது. பெரும்பகுதியைத் தன் கையில் வைத்துக்கொள்ளாமல் கவுண்டிகளிடம் கொடுத்த மாநிலம் இது. அதனால்தான் எங்கள் மனு ராலேயில் இருக்கும் சட்டமன்றத்துக்குப் போகாமல் தங்களிடம் வருகிறது.

இனி என் வீட்டு விஷயம். என் மகனுக்கு இப்போது 26 வயது. கல்லூரியில் படிக்கும்போது தோள்பட்டையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. வலிக்குக் கொடுத்த மாத்திரை தீர்ந்த பிறகும் உடம்பு அதைக் கேட்டது. தெரிந்தவர் மூலம் வாங்கினான். அந்த மாத்திரையில் என்ன கலந்திருந்தது என்று விற்றவனுக்கே தெரிந்திருக்காது. அறையில் உடனிருந்த பையன் அளவு மீறிய ஓபியாய்டை முறிக்கும் நலாக்சோன் மருந்தை மூக்கில் அடித்ததால்தான் இன்று எனக்குப் பிள்ளை இருக்கிறான். சிகிச்சைக்குச் சேர்ந்தான். தினமும் காலையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னப் பூப்ரெனார்ஃபின் படலத்தை நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்வான். அது கரையும்வரை வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பான். கேட்டதற்குத் தலையாட்டுவான், அவ்வளவுதான். அந்தச் சில நிமிடங்கள்தான் அவனுக்கு மீதி நாளைக் கொடுத்தன.

சிகிச்சை முடியும் வாரத்தில் ஒரு மீட்பு இல்லத்தில் இடம் இருப்பதாகத் தெரிந்து பேசினோம். வாடகை பேசி, முன்பணமும் எடுத்து வைத்தாயிற்று. கடைசியில் என்ன மருந்து எடுக்கிறாய் என்று கேட்டார்கள். சொன்னான். அதை நிறுத்திவிட்டு வா என்றார்கள். மருத்துவரோ எக்காரணம் கொண்டும் நிறுத்தாதே என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவன் மருந்தை நிறுத்தவில்லை, எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான். எங்களுக்கு வீடு இருந்தது, கூட இருந்து பார்க்க ஆளும் இருந்தது. அதே வாரம் அவனோடு வெளியே வந்த இன்னொரு பையனுக்குப் பழைய கார்தான் வீடு.

அந்த இல்லத்தின் விதி வெறும் கண்டிப்பு அல்ல, உயிருக்கு ஆபத்தானது. சில வாரம் போதை இல்லாமல் இருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. மருந்தும் இல்லாத நிலையில் ஒரே ஒருமுறை தடுமாறினாலும் மூச்சு நின்றுவிடும். சிறையிலிருந்து விடுதலையாவோரைப் பற்றி நம் மாநிலத்திலேயே ஆய்வு செய்து 2018இல் வெளியிட்டார்கள். வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் ஓபியாய்டால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் 40 மடங்கு என்றது அது. அடைபட்ட இடத்திலிருந்து வெளியே வரும் யாருக்கும் முதல் சில வாரங்களே கண்டம். அந்த வாரங்களில் கதவு திறக்க வேண்டும். மருந்தை ஒழுங்காக எடுப்பவரை அதற்காகவே ஒதுக்குவது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்கு விரோதமாகலாம் என்று கூட்டாட்சி அரசின் நீதி அமைச்சகமும் 2022 ஏப்ரலில் விளக்கியிருக்கிறது.

சிகிச்சைக்கே பணம் போதாதபோது வாடகைக்குக் கொடுப்பதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 2023 டிசம்பரில் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டின் விரிவாக்கம் நம் மாநிலத்தில் தொடங்கியபிறகு, குறைந்த வருமானமுள்ள பெரும்பாலோருக்கு மருத்துவரும் மருந்தும் அந்தக் காப்பீட்டிலேயே கிடைக்கின்றன. அது பொதுவாகத் தராதது குடியிருக்க இடம். வேலை தேட ஒரு முகவரி வேண்டும், மருந்தைப் பத்திரமாக வைக்க ஒரு பூட்டு வேண்டும், இரவு படுக்க ஒரு கட்டில் வேண்டும். தீர்வு நிதி போய்ச் சேர வேண்டிய ஓட்டை இதுதான். மாநிலத்துடன் உள்ளாட்சிகள் செய்துகொண்ட ஒப்பந்தமும் இதற்கு இடம் தருகிறது. அதன் முதல் பட்டியலில் உள்ள 12 வழிகளில் மீட்பு இல்ல உதவியும் ஒன்று. வாடகை, முன்பணம், மின்சாரம், தண்ணீர்க் கட்டணம் வரை கொடுக்கலாம். நீண்ட திட்டமிடலுக்குப் பிறகே தொட முடியும் என்ற நிபந்தனை அந்தப் பட்டியலுக்குக் கிடையாது. தாங்கள் ஒரு தீர்மானம் நிறைவேற்றி, எந்த வழிக்கு எவ்வளவு என்று அதில் எழுதினால் போதும்.

இந்தப் பணம் வேறு பக்கம் திரும்பிவிடுமோ என்ற பயம் எங்களுக்கு உண்டு. 1998இல் புகையிலை நிறுவனங்கள் கொடுத்த பணத்துக்கு நேர்ந்ததை நாடே பார்த்தது. நம் மாநிலத்தில் அதன் ஒரு பங்கைக் கொண்டு மக்கள் நலனுக்கென்று அமைத்த அறக்கட்டளை நிதியம் 2011இல் கலைக்கப்பட்டது. இப்போதும் அதே வேலை தொடங்கிவிட்டது. டென்னசியில் கிரீன் கவுண்டி தனக்கு வந்ததில் பெரும்பகுதியைக் கவுண்டியின் கடனை அடைக்கத் திருப்பியது. நியூ ஜெர்சியில் 2025இல் நிறைவேறிய வரவுசெலவுத் திட்டத்தில் 4.5 கோடி டாலரைப் பெரிய மருத்துவமனைக் குழுமங்களுக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். வேக் கவுண்டியைப் பற்றி நாங்கள் அப்படிக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் கவுண்டி ஏற்கெனவே தன் வரிப்பணத்திலிருந்து செய்துவரும் செலவைத் தீர்வு நிதியின் தலையில் கட்டக் கூடாது என்று தீர்மானத்திலேயே எழுதிவைக்கும்படி கேட்கிறோம். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களின் பெயரால் வந்த பணம் இது. 2021இல் மட்டும் நம் மாநிலத்தில் போதை அளவு மீறி 4,000 பேருக்கு மேல் இறந்தார்கள்.

எங்கள் சமூகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பிள்ளைகளுக்கு இது வராது என்று நினைக்கிறோம். வந்துவிட்டால் ஊரில் இருக்கும் சொந்தக்காரருக்குத் தெரியாமல் மறைக்கிறோம். பக்கத்து வீட்டிலும் இதே கஷ்டம் என்று தெரியாமலே இரண்டு வீட்டாரும் தனித்தனியாக அழுவது நடக்கிறது. மீட்பு ஆதரவுப் பணிக்குக் கவுண்டி அமர்த்துபவர்களில் தமிழ், தெலுங்கு, இந்தி பேசுவோர் ஓரிருவராவது இருந்தால், முதல் போன் செய்யவே தயங்கும் தாய்மார்கள் பேசுவார்கள். நலாக்சோன் பயிற்சியைக் கோயில் மண்டபத்திலும் தமிழ்ப்பள்ளி நடக்கும் இடத்திலும் நடத்த முன்வந்தால், இடத்துக்கும் ஆட்களைத் திரட்டுவதற்கும் நாங்கள் பொறுப்பு.

ஒப்பந்தப்படி ஆண்டுதோறும் நடத்த வேண்டிய பொதுக் கூட்டத்தை வேலை முடிந்து வருவோருக்கு வசதியாக மாலை நேரத்தில் வைக்கும்படியும், மீட்பு இல்லத்தில் தங்கித் தேறியவர்களைப் பார்வையாளர் வரிசையில் உட்கார வைக்காமல் முடிவெடுக்கும் ஆலோசனைக் குழுவில் சேர்க்கும்படியும் கேட்டுக்கொள்கிறோம். எந்த இல்லத்துக்கு எவ்வளவு போனது, எத்தனை பேர் ஆறு மாதம் தொடர்ந்து தங்கினார்கள் என்ற கணக்கும் மக்கள் பார்வைக்கு வர வேண்டும்.

அடுத்த நிதியாண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் முடிவாகும் முன்பே இக்கோரிக்கையைப் பரிசீலித்து, எடுக்கும் முடிவை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம். தாங்கள் அழைத்தால் நேரில் வந்து விளக்கவும் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வேக் கவுண்டித் தமிழ்க் குடும்பத்தினர்

இணைப்பு: ஆங்கில மொழிபெயர்ப்பு, கையெழுத்துத் தாள்கள்