ரேகை மெஷின் வைத்திருப்பவருக்கு யார் கூலி கொடுப்பது?

தமிழ்நாடு மாநில அளவிலான வங்கியாளர் குழுவினருக்கு,

வணக்கம்.

வெளியாட்களை முகவர்களாக வைத்து வங்கிச் சேவை தரலாம் என்று ரிசர்வ் வங்கி 2006 ஜனவரியில் வழிவிட்டது. மளிகைக்கடை, மருந்துக்கடை, ரேஷன்கடை நடத்துபவர்களும் முகவராகலாம் என்று 2009-ல் சொன்னது. முதியோர் உதவித்தொகை, நூறு நாள் வேலைக் கூலி, மகளிர் உரிமைத்தொகை என்று எங்கள் பக்கத்துப் பெண்களில் பலருக்குக் காசு கையில் வருவது இன்று பி.சி. என்று சொல்லப்படும் இந்த வங்கி முகவர்களின் விரல்ரேகை மெஷின் வழியாகத்தான். கிளைக்குப் போனால் பஸ் செலவோடு அன்றைய கூலியும் போகும். அதனால் இந்த ஏற்பாடு வேண்டாம் என்று சொல்ல எழுதவில்லை.

எல்லோரும் சொல்லும் புகார், "பத்து பிடிக்கிறார், இருபது பிடிக்கிறார்" என்பது. வாடிக்கையாளரிடம் முகவர் நேரடியாகக் கட்டணம் வாங்கக்கூடாது என்பது விதி. விதி சரி. பிடிக்கிறவரின் வரவு செலவையும் கொஞ்சம் பாருங்கள்.

ஒரு பாட்டிக்கு 1,200 ரூபாய் கொடுக்க, முதலில் அது முகவருடைய கைக்காசாக இருக்க வேண்டும். பாட்டி கணக்கில் கழிந்தது இவர் கணக்கில் ஏறும். அதை நோட்டாக்க மறுபடி கிளைக்குத்தான் ஓட வேண்டும். அங்கே மற்றவர்களோடு வரிசையில் நிற்க வேண்டும். உதவித்தொகை விழும் வாரத்தில் மதியத்துக்குள் கல்லாவில் காசு தீர்ந்துவிடுகிறது. நடவு நட்ட கையிலும் செங்கல் சூளைக் கையிலும் ரேகை தேய்ந்திருக்கும். விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்து, எண்ணெய்த் தலையில் ஒரு தேய்ப்புத் தேய்த்து, ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்க்கிறார்கள். கால் மணி நேரம் போராடியும் ஏறாவிட்டால் கமிஷன் கிடையாது. ஏறினாலும் கிடைப்பது சில ரூபாய்தான், அதுவும் நடுவில் இருக்கும் பி.சி. நிறுவனம் தன் பங்கை எடுத்ததுபோக. இதில் பேப்பர் ரோல் வேறு இவர் வாங்க வேண்டும் என்றால் யார் ரசீது கொடுப்பார்?

ரசீது இல்லாத இடத்தில்தான் ஏமாற்று நுழைகிறது. "விழலம்மா, இன்னொரு தடவை வைங்க" என்கிறார். முதல் தடவையே பணம் கழிந்திருந்தால்? எஸ்.எம்.எஸ். திருப்பூரில் வேலை பார்க்கும் மகனின் போனுக்குப் போயிருக்கும். கழிந்த பணம் கைக்கு வராவிட்டால் ஐந்து நாளுக்குள் திருப்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் சேர்த்துத் தர வேண்டும் என்று 2019-லேயே ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. எங்கள் பக்கம் எந்தக் கடைச்சுவரிலும் அதை ஒட்டியிருக்கக் காணோம்.

முகவர்களின் பின்னணியைச் சரிபார்த்துக் கண்காணிக்க வேண்டும் என்ற புது விதிகள் 2026 ஜனவரி முதல் நடைமுறைக்கு வருவதாக அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் கண்காணிப்பு மட்டும் கூடி வருமானம் கூடாவிட்டால், நல்லவர்கள் மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மளிகையை மட்டும் பார்ப்பார்கள். மிஞ்சுவது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சின்ன ஊர் முகவர்களுக்குக் கமிஷனோடு மாதம் ஒரு நிலையான தொகை கொடுங்கள். கிளையில் அவர்கள் பணம் எடுக்கத் தனி நேரம் ஒதுக்குங்கள். தமிழில் ரசீது கட்டாயம். ரோல் வங்கிச் செலவில். அப்புறம், பத்து ரூபாய் பிடித்தவரின் மெஷினைத் தாராளமாகப் பிடுங்குங்கள், நானே வந்து சாட்சி சொல்கிறேன்.

உங்கள் அடுத்த காலாண்டுக் கூட்டக் குறிப்பில், மாவட்டவாரியாக எத்தனை முகவர்கள் என்ற பட்டியலுக்குப் பக்கத்தில், செலவு போக ஒருவருக்கு மாதம் என்ன நிற்கிறது என்பதற்கும் ஒரு பத்தி சேருங்கள்.

இப்படிக்கு,
ஒரு கிராமத்துக் கணக்குதாரர்