ஒட்டுப் போட்ட வளைவைக் கூட்டிவிட்டுப் போங்கள்

மலைப்பாதையில் தார் ஒட்டுப் போடும் ஒப்பந்தக்காரர்களுக்கு,

வணக்கம். குன்னூரில் பைக் பட்டறை வைத்திருக்கிறேன். மழை விட்டதும் பள்ளங்களை அடைக்க வருகிறீர்கள், அதற்கு நன்றி. ஆனால் மேலே தூவும் பொடி ஜல்லியைக் கூட்டாமலே போய்விடுகிறீர்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். ஜல்லி ஒதுங்கிக் குவிவதும் பைக்காரர்கள் வண்டியைச் சாய்ப்பதும் ஒரே ஓரத்தில்தான்.

சறுக்கி விழுகிறவர்களைப் பற்றி நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள். நான் சொல்வது செயினுக்குப் பதில் பல் வைத்த பெல்ட் ஓடும் வண்டிகளைப் பற்றி. (சாதாரண ஸ்கூட்டர்காரர்களுக்குக் கவலை இல்லை, அவர்கள் பெல்ட் மூடிக்குள் இருக்கிறது.)

போன மாதம் அப்படிப்பட்ட பெல்ட் பைக் ஒன்று, ஹார்லி ஸ்ட்ரீட் 750, பட்டறைக்கு வந்தது. ஏற்றத்தில் முறுக்கினால் சீட் வரை நடுங்குகிறதாம். பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தேன். பெல்ட் ஓரத்தில் ஓட்டை, புல்லியின் (பெல்ட் ஓடும் பல் சக்கரம்) பள்ளத்தில் கல் பதிந்த தழும்பு.

செயின் பெரும்பாலும் கல்லைத் துப்பிவிடும். பெல்ட்டில் அது பல்லுக்கும் பள்ளத்துக்கும் நடுவே மாட்டினால் வெளியேற வழியில்லை. உள்ளே இழுவையைத் தாங்கும் இழைகளை அறுத்துவிடும். ஓட்டை நடுவில் என்றால் கவனித்துக்கொண்டே கொஞ்ச நாள் ஓட்டலாம். ஓரத்தில் என்றால் உடனே மாற்றவேண்டும், கிழிசல் அங்கிருந்துதான் ஓடும்.

கல்லைவிடத் தூள் மோசம். ஈரத்தில் ஒட்டிக்கொண்டு உப்புத்தாள் மாதிரித் தேய்க்கும். புல்லி பள்ளத்தின் அடியில் கத்திமுனையால் மிதமாக அழுத்தி இழுத்துப் பார்ப்பேன். கோடு விழுந்தால் மேல்பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் பள்ளத்தின் வடிவம் மாறும், பல் சரியாக உட்காராது, அதிர்வு வரும். தேய்ந்த புல்லியில் புது பெல்ட்டை மட்டும் மாட்டினால் அதையும் தின்றுவிடும். அதனால் பெல்ட், புல்லி எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றச் சொல்கிறேன். பில்லைப் பார்த்ததும் வண்டிக்காரர் முறைப்பது என்னைத்தான்.

இப்போது சில மின்சார ஸ்கூட்டர்களிலும் இதே பல் பெல்ட் வருகிறது. மலைக்கு அவையும் ஏறத் தொடங்கிவிட்டன.

ஒட்டு இறுகியதும் ஒரு தடவை, வண்டிகள் ஓடி ஜல்லி ஒதுங்கிய பிறகு இன்னொரு தடவை, வளைவுகளை மட்டுமாவது கூட்டுங்கள். ஆள் இல்லை என்றால் முந்தின நாளே சொல்லுங்கள். பட்டறைப் பையன்கள் இரண்டு பேரைக் காலை ஆறு மணிக்கு விளக்குமாறோடு அனுப்புகிறேன், டீ மட்டும் உங்கள் கணக்கு.

இப்படிக்கு,
குன்னூர் பட்டறைக்காரன்